இருபத்து மூன்றாம் நம்பர் கவர்

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
கோலசிலாங்கூர்.
12.3.1989

மரியாதைக்குரிய டாக்டர் விமலாதேவி அம்மா அவர்களுக்கு,

செம்பனைக் குலை விழுந்து மண்டை உடைந்த சன்னாசியின் மனைவி கலாவதி வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இங்கிலாந்துத் தபால்தலை ஒட்டிய கடிதம் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வருவது இதுவே முதல் தடவை. தோட்டக் கணக்கெழுதும் கிராணி அதை ஆபீசில் வைத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, 'லண்டன்ல உனக்கு யாருலா?' என்று கேட்டார். என் புருஷனுக்கு மயக்க மருந்து கொடுத்த டாக்டர் என்றேன். உடனே கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார்.

அங்கே குளிர் எலும்பு வரை போகிறது என்று எழுதியிருந்தீர்கள். படிப்பு படிப்பு என்று சாப்பிடாமல் இருக்காதீர்கள். அன்றைக்கே பார்த்தேன், உங்கள் கழுத்தெலும்பு தெரிந்தது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குத் தினமும் போகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் செத்துப்போன ஒரு தோட்டத்து ஆளை ஞாபகம் வைத்து, அவன் பெண்டாட்டிக்குச் சீமையிலிருந்து தமிழில் கடிதம் எழுதும் டாக்டர் எங்கே கிடைப்பார்? இரண்டாம் தடவை படித்தபோது கோபம் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை. எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது நான்தான். அடுத்தவர்களுக்கு எழுதும்போது வார்த்தையைத் தட்டிக் குறைத்துத்தான் எழுதுவேன். என் சொந்தக் கடிதத்தில் குறைக்க மாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூளையில் அடிபட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்யும்போது எந்த மயக்க மருந்து நல்லது என்று பார்க்க நாற்பது பேரை எடுத்தீர்கள். அந்த ஆராய்ச்சி முடிந்துவிட்டது, அதை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் என் வீட்டுக்காரரை அதிலிருந்து நீக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கவரை வரிசைப்படி எடுக்காததால் அவர் கணக்கில் வர மாட்டாராம். நாற்பது பேர் இப்போது முப்பத்தொன்பது பேராம்.

அம்மா, எத்தனையோ மண்டைகளைப் பார்த்தவர் நீங்கள். அன்றைக்கு நடந்தது உங்களுக்குப் பாதி மறந்திருக்கும். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் சீனப் பெருநாள் முடிந்த மறுவாரம். பன்னிரண்டாம் நம்பர் செம்பனைக் காட்டில் அவர் நீளக் கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டு மரம் தள்ளிக் குனிந்திருந்தேன். வெட்டுப்பட்ட குலை நேராக விழாமல், மட்டையில் மோதித் திரும்பி அவர் தலையில் இறங்கியது. இருபது கிலோ இருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் மனிதர் எழுந்து உட்கார்ந்துகொண்டு, 'ஒண்ணுமில்ல கலா, தண்ணி குடு' என்கிறார். தண்ணீர் குடித்தார். முள் குத்திய இடத்தைத் தடவிக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தார். அரை மணி நேரத்தில் பேச்சு குழறியது. எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீரன் அண்ணன்தான் லோரியில் தூக்கிப் போட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, 'ஒரு கண்ணுப் பாப்பா பெருசாகிக்கிட்டே போவுது, இங்க வெச்சா ஆள் போயிருவாரு' என்று சொல்லி ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

நீங்கள் பச்சை உடுப்போடு வந்தீர்கள். நின்றுகொண்டிருந்த என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னீர்கள். மண்டைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது, மூளை வீங்குகிறது, மண்டையோடு மூடி போட்ட பானை மாதிரி, வீங்குவதற்கு இடம் இல்லை, திறந்துதான் எடுக்க வேண்டும் என்றீர்கள். திறப்பதற்கு மயக்க மருந்து வேண்டும், அதில் இரண்டு விதம் என்றீர்கள். ஒன்று மூச்சோடு போகும் காற்று மருந்து. பழக்கப்பட்டது, ஆனால் மூளைக்குள் இரத்தக் குழாயை விரித்து வீக்கத்தைக் கூட்டிவிடலாம். இன்னொன்று நரம்பில் ஏறும் ஊசி மருந்து. புதிதாக வந்தது, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அது வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் இரத்த அழுத்தத்தை இறக்கிவிட்டால் மூளைக்குப் போகிற இரத்தமும் குறையும். நான் இதையெல்லாம் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன் பாருங்கள்.

அவர் தம்பி பாலன் என் பக்கத்தில் நின்றுகொண்டு, 'கையெழுத்துப் போடாதீங்க அண்ணி, தோட்டத்து ஆளுன்னா மருந்து சோதிக்கிற எலின்னு நெனைப்பு இவங்களுக்கு' என்றான். நான் அதை மறைக்காமல் உங்களிடமே கேட்டேன். எங்களை எலி ஆக்குகிறீர்களா என்று. நீங்கள் கோபப்படவில்லை. 'ரெண்டும் நல்ல மருந்துதான். ஆனா இவருக்கு எது நல்லதெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களைக் கேட்டுக்கொண்டு நிக்க மாட்டன், அதையே குடுத்திருப்பன்' என்றீர்கள். டாக்டர் வாயிலிருந்து தெரியாது என்ற வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எங்கள் டிரெசர் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துவிட்டு எல்லாம் தெரிந்த மாதிரி நடப்பார். தெரியாது என்று சொல்கிற ஆள் பொய் சொல்ல மாட்டார் என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

எந்த மருந்து என்பதை நீங்களும் முடிவு செய்யக் கூடாது, டின்னில் கவர் இருக்கிறது, அதுதான் சொல்லும் என்றீர்கள். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற மாதிரியா என்று கேட்டேன். 'ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்' என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினீர்கள்.

அம்மா, அந்த 'அப்பிடித்தான்' என்ற வார்த்தை உங்களுடையது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தால், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், யார் வீட்டுக் காரியமோ அந்த வீட்டு ஆள்தான் எடுக்க வேண்டும். வேற்றுக் கை பட்டால் செல்லாது. வழக்கமாகக் கவர் எடுக்கும் நர்ஸ் உள்ளே போய்விட்டார். பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தது ஆயா கங்கா. அவளும் கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தானே. பூக்கட்டுகிற மாதிரியாம் என்று நான் சொன்னதும், 'அப்பன்னா நீங்கதான் எடுக்கணும் அக்கா, நான் தொடக் கூடாது' என்று டின்னை நீட்டிவிட்டாள். நான் முந்தானையில் கையைத் துடைத்து, மாரியாத்தா என்று எடுத்தேன். மேலே இருந்ததை எடுக்கவில்லை. பாசார் மாலாம் இராச்சந்தையில் தக்காளி வாங்கினாலும் நான் மேலே இருப்பதை எடுக்க மாட்டேன். நடுவில் கை விட்டு எடுத்தேன். இருபத்து மூன்றாம் நம்பர். பால் மருந்து.

வரிசைப்படி அடுத்து எடுக்க வேண்டியது பதினேழாம் நம்பர் என்று எங்கள் இரண்டு பேருக்கும் யார் சொன்னார்கள்?

ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தார். பத்தாம் நாள் காலையில் போய்விட்டார். அந்த ஒன்பது நாளும் உங்கள் ஆள் மூன்று வேளை வந்து அவர் கண்ணைப் பார்த்து, காலைக் கிள்ளிப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். அப்போது கணக்கில் இருந்தவர் இப்போது எப்படி இல்லாமல் போனார்?

அவரைத் திரும்பச் சேருங்கள். பதில் எழுதுங்கள்.

உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்றே கேட்டுக்கொள்ளும்,
சன்னாசி கலாவதி


ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
28.5.1989

மரியாதைக்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

கலாவதியின் வணக்கம். நான் வெடுக்கென்று எழுதியதற்கு நீங்கள் பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்தத் தடவை கொஞ்சம் அடக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியுமா என்று பார்ப்போம்.

முதலில் இங்கத்திய சேதி. கங்கா இரண்டு வாரத்துக்கு முன்னால் பஸ் பிடித்து என்னைப் பார்க்க வந்தாள். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். 'என்னால தானே அக்கா' என்று அழுதாள். உன்னால் இல்லை, போய் முகத்தைக் கழுவு என்று சத்தம் போட்டேன். அவள் பெயரை எந்தத் தாளிலும் எழுதாமல் விட்டதற்கு உங்களுக்குப் புண்ணியம். யார் பெயராவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் என் பெயரை எழுதுங்கள். கவரை எடுத்தது நான். யார் கேட்டாலும் சொல்லுவேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கவர் எந்த மனிதக் கையும் தேர்ந்தெடுக்காமல் வர வேண்டும், இல்லாவிட்டால் ஆராய்ச்சி பழுதாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு நான் நடுவில் எடுத்தால், நாளைக்கு ஒரு டாக்டர் வெளிச்சத்தில் கவரைத் தூக்கிப் பார்த்துத் தனக்குப் பிடித்த மருந்தை எடுப்பார் என்கிறீர்கள். அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். பூக்கட்டும்போது பூசாரி பொட்டலத்தைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு நீட்டுகிற கதையெல்லாம் எங்களுக்கும் தெரியும்.

ஆனால் நான் பார்க்கவில்லை அம்மா. தடவிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கை விட்டவளுக்கு உள்ளே பாலா காற்றா என்று எப்படித் தெரியும்? எங்கள் கோயிலில் என் கை படாவிட்டால் செல்லாது. உங்கள் ஆஸ்பத்திரியில் என் கை பட்டதால் செல்லாது. இந்தக் கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒன்று கேட்கிறேன். அவர் பிழைத்து எழுந்து நடந்து வீட்டுக்கு வந்திருந்தால், அப்போதும் நீக்கியிருப்பீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். பால் மருந்து வாங்கினவர்களில் செத்தவர் ஒருவரை எடுத்துவிட்டால், பால் மருந்துக்கு ஒரு சாவு குறைகிறது இல்லையா? அதைப் பார்த்து நாளைக்கு ஒரு டாக்டர் இதுதான் நல்ல மருந்து என்று ஊருக்கெல்லாம் ஏற்றினால்? நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் காட்டில் மண்டோர் காய்க் குலையை எட்டி உதைத்து ஒதுக்குவதைப் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன். ஒதுக்கின குலையும் மரத்திலிருந்து விழுந்த குலைதான். அடியில் ஆள் நின்றால் அதுவும் மண்டையை உடைக்கும்.

பிடிவாதக்காரி என்று நினைப்பீர்கள். ஆமாம், பிடிவாதக்காரிதான். அவர் என்னைப் பெண் கேட்டபோது எங்கப்பா கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளை வந்தால் கொடுக்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். நான்தான் எடுத்தேன். சிவப்பு. மறுபடி கட்டுங்கப்பா என்றேன். மறுபடியும் சிவப்பு. பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, சிவப்பும் பூதானே, நான் சன்னாசியைத்தான் கட்டிக்குவேன் என்று வந்துவிட்டேன். பதினான்கு வருஷம் வாழ்ந்தேன். பிள்ளை இல்லை, ஆனால் ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை. அப்படிப்பட்ட நான் உங்கள் கவர் சொன்னதை மட்டும் மறுபேச்சில்லாமல் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே புரியவில்லை.

இதுவரை எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. வீட்டில் நானும் என் மாமியார் காளியம்மாவும்தான். கவரை நான் எடுத்த கதை பாலன் மூலமாக அவருக்குத் தெரிந்துவிட்டது. கருமாதி முடிந்த அன்று, கூட்டத்துக்கு நடுவில், 'எம் புள்ளைய எமனுக்கு எடுத்துக் குடுத்த கை அது, அந்தக் கையால நான் பச்சத் தண்ணி வாங்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே செய்கிறார். ஒரே அடுப்பங்கரையில் இரண்டு பானை. நான் வேலைக்குப் போன பிறகு அவர் தனியாகப் பொங்கிக்கொள்கிறார். கண் சரியாகத் தெரியாது. போன மாதம் கஞ்சி கொட்டிக் காலில் சுட்டுக்கொண்டார். மருந்து போட வந்த என் கையைத் தட்டிவிட்டார். பதினைந்து மாதமாகிறது அம்மா.

லயத்தில் மற்றவர்களும் வாயால் சொல்வதில்லை. ஆனால் நல்ல காரியத்துக்கு வெற்றிலை மடிக்க என்னைக் கூப்பிடுவதில்லை. விதவை என்பதால் என்று வைத்துக்கொள்ளலாம். நான் அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

இதனால்தான் சேர்க்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மாமியார் சோற்றுக்காக லண்டனுக்குக் கடிதம் எழுதுகிறவள் இல்லை நான். என் புருஷன் ஒன்பது நாள் மூச்சு வாங்கிக் கிடந்தது பொய் இல்லை, அது எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான். முடிவு எப்படி வந்தாலும் சரி. பால் மருந்துதான் கொன்றது என்று வந்தாலும் எழுதுங்கள். நான் ஒரு கவர் தள்ளி எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று வந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். அன்றைக்குத் தெரியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்களே, அதே மாதிரி தெரிந்ததையும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வதற்குத் தெம்பு இருக்கிறது.

அடக்கமாக எழுத முடியவில்லை, பார்த்தீர்களா.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சன்னாசி கலாவதி


ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
20.8.1989

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

கலாவதி எழுதுவது. நீங்கள் அனுப்பிய கடிதமும் அதற்குள் ஒட்டி வைத்திருந்த சின்னக் கவரும் வந்து சேர்ந்தன. கடிதத்தை ஆபீஸ் வாசலிலேயே நின்று படித்தேன். உங்கள் பெரிய புரொபசர் முகத்தைச் சுளித்தும் நீங்கள் விடாமல் நின்று, சன்னாசியைத் திரும்பச் சேர்த்துவிட்டீர்கள் என்று படித்ததும் அந்த வரியில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தேன். ஒரு கவர் வரிசை தவறி எடுக்கப்பட்டது என்று அடியில் ஒரு குறிப்பு எழுதியிருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். எழுத வேண்டியதுதான். நடந்தது அதுதானே. உங்களுக்கு அதனால் கெட்ட பெயர் வருமோ என்றுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஆனால் அடுத்த வரியைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. முடிவை இந்தக் கவருக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன், பார்க்க மனம் இருந்தால் பிரியுங்கள், இல்லாவிட்டால் அப்படியே வைத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, உங்களுக்கு என்ன புத்தி கெட்டா போய்விட்டது? மறுபடியும் என் கையில் ஒரு கவரா! வாய்விட்டே கேட்டுவிட்டேன். கிராணி தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று நாள் அங்கேயே இருந்தது. பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சரி, பயந்துதான் போனேன். தெம்பு இருக்கிறது என்று உங்களுக்கு எழுதியவள், விளக்கேற்றும்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பால் மருந்தில் செத்தவர்கள் ஆறு என்று இருக்குமோ, பத்து என்று இருக்குமோ, காற்று மருந்து வாங்கின அத்தனை பேரும் பிழைத்துவிட்டார்களோ என்று பழம் பொறுக்கும்போதெல்லாம் இதே நினைப்பு. கையில் முள் ஏறியதுகூடத் தெரியவில்லை.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமியார் தன் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கவரை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். இது டாக்டர் அனுப்பியது, நான் எடுத்த மருந்து உங்கள் பிள்ளையைக் கொன்றதா இல்லையா என்று இதற்குள் இருக்கிறது, என் கைதான் ராசியில்லாத கையாயிற்றே, உங்கள் கையாலேயே பிரியுங்கள் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரத்தைக் கடித்துக் கிழித்தார். தாளை எடுத்து என்னிடம் நீட்டி, 'படி, ஒண்ணுத்தையும் முழுங்காத' என்றார்.

முழுங்காமல் படித்தேன். பால் மருந்து வாங்கியவர்கள் இருபது பேர், அதில் ஆறு பேர் இறந்தார்கள். காற்று மருந்து வாங்கியவர்கள் இருபது பேர், அதிலும் ஆறு பேர் இறந்தார்கள். சன்னாசியைச் சேர்க்காவிட்டால் பால் மருந்தில் ஐந்து பேர்தான், அப்போது பால் கொஞ்சம் மேல் என்று தோன்றியிருக்கும், ஆனால் அந்தக் கொஞ்சத்தையும் நம்ப முடியாது, நாற்பது பேர் போதாது, இன்னும் நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று எழுதியிருந்தீர்கள். கடைசி இரண்டு வரியை இரண்டு தடவை படித்தேன். 'காற்று மருந்து குடுத்திருந்தால் அவர் பிழைச்சிருப்பாரோ எண்டு கேட்டால், எனக்குத் தெரியாது கலாவதி. அண்டைக்கும் தெரியாது, இண்டைக்கும் தெரியாது.'

மாமியார் தாளை வாங்கி நாலாக மடித்தார். பிறகு, 'அப்ப அந்த டாக்டருக்கே தெரியலையா?' என்று கேட்டார். தெரியலையாம் என்றேன். 'லண்டன்ல போயிப் படிச்சுமா?' ஆமாம் என்றேன். பானையை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமலே, 'அவ்ளோ படிச்சவளுக்கே தெரியலன்னா, உன் கைக்கு என்னாடி தெரியும்' என்றார்.

அம்மா, நான் அழக் கூடாது என்று பதினெட்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள். கருமாதி அன்றும் அந்தக் கிழவி முன்னால் அழவில்லை. அன்றைக்கு அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் உள்ளே வரவும் இல்லை, ஏன் அழுகிறாய் என்று கேட்கவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தேன். அவர் பானை கவிழ்த்தபடியே இருந்தது. பொங்கவில்லை. பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வரும் மீன் வண்டியில் நான் வாங்கி வைத்திருந்த கருவாட்டைக் குழம்பு வைத்தேன். எனக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்காரும்போது, தன் தட்டை எடுத்து வந்து என் எதிரே வைத்தார். தட்டை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். போட்டேன். உப்பு கூடிப்போச்சு என்று திட்டிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

கங்காவுக்கும் எழுதிவிட்டேன். இனிமேல் அந்த மாதிரி டின் எதையும் யார் கேட்டாலும் நீட்டாதே, நர்ஸ் வரும் வரை கட்டிப் பிடித்துக்கொண்டு நில் என்று.

நீங்கள் நூற்றுக்கணக்கான பேரைக் கேட்க வேண்டும் என்கிறீர்கள். கேளுங்கள். பாலன் மாதிரி ஆட்கள் எலி என்று கத்துவார்கள். கத்தட்டும். நீங்கள் நாற்காலியைப் போட்டு அந்தப் பெண்டாட்டிகளை உட்கார வைத்து, எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். யாராவது நம்பாவிட்டால் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் கலாவதி என்று ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லுங்கள். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பூக்கட்டுகிற மாதிரியா என்று எவளாவது கேட்டால், தயவுசெய்து அப்பிடித்தான் என்று சொல்லாதீர்கள். வேறு ஏதாவது சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில், அந்த ஊசியை ஏற்றியது என் கைதான், நானும் இதை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று எழுதி, பிறகு அதைக் கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது. அடுத்தவர்கள் அடித்து எழுதுவதைப் படித்துப் பழகியவள் நான். அதைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள். கோலசிலாங்கூர் பஸ்ஸில் ஏறி ஒன்பதாங்கட்டையில் இறங்கினால் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். சுங்கை புரோங் புது அரிசி வாங்கி வைக்கிறேன். நானும் என் மாமியாரும் நீங்களுமாக உட்காருவோம். நான் போடுகிறேன், நீங்கள் சாப்பிட வேண்டும். என் மாமியாருக்கும் நீங்கள் ஒரு கரண்டி உங்கள் கையால் போட வேண்டும். அவர் வாங்கிக்கொள்வார். நான் கேட்டுவிட்டேன்.

மாரியாத்தா உங்கள் இரண்டு கைகளையும் நன்றாக வைத்திருக்கட்டும்.

சன்னாசி கலாவதி